சிறை என்றால் சிறகு

பெருமதிப்பிற்குரிய அக்கா சென்னம்மாள் அவர்களுக்கு, திருச்செங்கோட்டிலிருந்து தம்பி குருமூர்த்தி வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லாரும் நலம் என்று எழுத மனம் துணியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நம் கிருத்திகாவின் நிச்சயதார்த்தத்துக்கு நீங்கள் வர முடியாமல் போனது ஒருவகையில் நல்லதே. சங்ககிரியில் நீங்கள் பார்த்துவைத்த லாரிக்காரர் வீட்டுச் சம்பந்தம் என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன். இத்தனை வருசம் தமிழ் வாத்தியாராக இருந்தவன், மகள் விசேஷத்துக்கு எல்லாரையும்போல வெறும் ரோஜாப்பூ பிளெக்ஸா வைப்பது என்று, மண்டப வாசலில் மாப்பிள்ளை தமிழரசு பெயரைச் சேர்த்து 'தமிழரசே எங்கள் கிருத்திகாவின் சிறை' என்று கொட்டை எழுத்தில் வைத்தேன். பழந்தமிழில் சிறை என்றால் சிறகு அல்லவா? மாப்பிள்ளையின் அம்மா முத்தாயம்மாள் காரைவிட்டு இறங்கி, அதைப் படித்து, அங்கேயே நின்றுவிட்டார். "ஏனுங்க, எம் பையன் என்ன செயிலுங்களா?" நான் பதறி, "இல்லீங்க சம்பந்தி, கோழி குஞ்சுகளைப் பொத்திக் காக்குதே, அந்தச் சிறைங்க. அந்தச் சொல்லே தண்ணியத் தடுக்கிற அணைக்கும் ஆச்சு, அப்பறந்தான் கம்பி வெச்ச..." என்று சொல்லச் சொல்ல அந்தம்மா முகம் கறுத்துக்கிட்டே போச்சு. "கம்பியா?"ன்னு கேட்டுட்டு உள்ளே போனாங்க. அவங்களோட வந்த லாரிக்காரச் சொந்தங்க ஒவ்வொருத்தரையா நான் வாசல்லயே நிறுத்தி அர்த்தம் சொல்லிட்டு உள்ளே போறேன், தட்டு மாத்தாமயே எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க, எலையில பாயசம் ஊத்துன கரண்டியோட சமையக்காரர் நிக்கிறாரு, என்ன ஏதுன்னு கேக்கறதுக்குள்ள காரு கெளம்பிருச்சு.

அக்கா, ஒரு சொல்லோட அர்த்தம் தெரியாம வந்த கோவம் இது. நீங்கதான் ஒரு எட்டு அவங்க ஊட்டுக்குப் போயி, சிறைன்னா றெக்கைதான்னு பக்குவமா எடுத்துச் சொல்லி, புள்ள கல்யாணத்தைக் காப்பாத்தோணும்.

மாமாவுக்கு என் வணக்கம். குலதெய்வம் உங்கள் காலுக்கு நல்ல நடை கொடுக்கட்டும்.

தங்கள் தம்பி,
குருமூர்த்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் கிருத்திகா வாங்கிப் படித்தாள். "அப்பா, அவங்க போனது பிளெக்ஸுக்காக இல்லீங்க" என்றாள். நான் வாசலில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் முத்தாயம்மாள் அவளிடம், "கல்யாணம் ஆனதும் கால்நடை டாக்டர் வேலையை உட்ரோணும் சாமி. எங்கூட்டு மருமக கோழிப்பண்ணை கோழிப்பண்ணையாப் போயி ஊசி போட வேண்டாம்" என்றாராம். "வேலையை விடமாட்டேனுங்க" என்றிருக்கிறாள் இவள். மாப்பிள்ளை செல்போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். ஆகவே நீங்கள் போக வேண்டாம் அக்கா. அந்தச் சொல்லுக்கு அந்தம்மா சொன்ன அர்த்தந்தான் சரி.