கை படாத ஆள் தேவை

சொந்தமாக விமானம் கட்டிக்கொண்டவர் அதைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளலாம் என்று விதிப்புத்தகம் பெருந்தன்மையோடு சொல்கிறது. ஆனால் சுக்கானில் ஒரு நட்டைத் தொட்டாலும், அந்த விமானத்தின் கட்டுமானத்தில் கை படாத இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

லயனல் ப்ரிட்சர்ட் புதன்கிழமை அந்த நட்டைத் தொட்டுத் தொலைத்தார். சனிக்கிழமை டாஸ்மேனியாவில் மகளுக்குக் கல்யாணம். பதினோரு வருஷம் கொட்டகையில் கிடந்து கட்டிய விமானத்தில், கல்யாணக் கேக்கோடு கடல் தாண்டி வந்து இறங்குவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

விமானப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டார். அதிகாரி ஆட்லி நன்றி சொல்லி மறுக்கும் ரகம்.

"என் மனைவி நோரீன் பார்த்துக் கையெழுத்துப் போடலாமா சார்?"

"உங்க கட்டுமானக் குறிப்பேட்டு நகல் எங்ககிட்ட இருக்கு. நாற்பதாம் பக்கத்துல 'நோரீன் டார்ச் பிடித்தார்'னு எழுதியிருக்கீங்க."

"டார்ச்தானே பிடிச்சா?"

"வெளிச்சமும் கட்டுமானத்துல சேர்த்திதான்."

நன்றி மறக்கக் கூடாதே என்று ஏணி கொடுத்த பாதிரியாரிலிருந்து தேநீர் கொண்டுவந்த தபால்காரர்வரை எல்லார் பேரையும் எழுதி வைத்திருந்தார், பாவி மனுஷன். ஊரே கை பட்ட ஊராகிவிட்டது.

"விமானத்தைப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஆள் வந்தா?"

"பாரபட்சம் இருக்காது. மிகவும் விரும்பத்தக்கது."

மிச்சம் இருந்தவர் பக்கத்துப் பண்ணை கெவ் டூலன் ஒருவர்தான். எஞ்சின் சத்தத்தில் ஆடுகள் மிரளுகின்றன என்று ஏழு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவர். லயனல் வெட்கத்தை விட்டுப் போய்க் கதவைத் தட்டினார்.

"உன் தகர டப்பாவுல எனக்கென்னய்யா தெரியும்?" என்றார் கெவ்.

"அதுக்குத்தான் உன்னைக் கூப்பிடுறேன்."

கெவ் முனகிக்கொண்டே வந்து குனிந்து பார்த்தார். "மத்த நட்டுல எல்லாம் குறுக்கால ஒரு பின் செருகியிருக்கே. இதுல மட்டும் ஓட்டை சும்மா இருக்கு?"

லயனல் எட்டிப் பார்த்தார். செருக மறந்திருந்தார். நடுக்கடலில் நட்டு கழன்றிருந்தால் கல்யாண வீடு எழவு வீடாகியிருக்கும். அவர் ஒரு பின்னை எடுத்து நீட்ட, கெவ்வே அதை வாங்கிச் செருகி வளைத்துவிட்டார். லயனல் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு குறிப்பேட்டை எடுத்து, 'கெவ் டூலன் பின் செருகினார், மனமார்ந்த நன்றி' என்று எழுதினார்.

"எழுதிட்டியா? உனக்குக் கை சும்மாவே இருக்காதா?" என்று நோரீன் தலையில் அடித்துக்கொண்டார்.

"வாழ்த்துகள், விதி ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது," என்றார், மறுபடி போனில் விஷயம் கேட்ட ஆட்லி. "இனி டூலனும் கை பட்டவர்."

"அப்போ நீங்க ஒருத்தர்தான் பாக்கி. நீங்களே வந்து பாருங்க சார்."

போனில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "உங்களுக்கு இவ்வளவு ஆலோசனை சொல்லியிருக்கேன். அதுவும் உதவிதான். என் பேரையும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை லயனலும் நோரீனும் கெவ்வும் கேக்கோடு கப்பல் ஏறினார்கள். லயனல் நேரே கப்பல் அதிகாரியிடம் போனார்.

"தம்பி, இந்தக் கப்பல் சுக்கானைக் கடைசியா யாரு சோதிச்சாங்க? அவருக்கும் இதைக் கட்டினவங்களுக்கும் பழக்கம் உண்டா?"

அதிகாரி யோசித்தார். கேட்டுவிட்டு வருவதாகப் போனார். அவர் இன்னொருவரைக் கேட்டார், அவர் தலைமை அலுவலகத்தைக் கேட்டார். ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டிய கப்பல் மறுநாள், கல்யாண நாள் மதியமும் துறைமுகத்திலேயே நின்றது. சாப்பாட்டு அறையில் ரொட்டிகூடத் தீர்ந்துவிட்டது.

நோரீன் கணவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. மடியிலிருந்த கேக் பெட்டியைத் திறந்து, பசியோடு உட்கார்ந்திருந்த பயணிகளைப் பார்த்து, "யார்கிட்டயாவது கத்தி இருக்கா?" என்று கேட்டார்.