சாருக்கு ஒரு சக்கரம் பின்னால்

ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் சாரின் வேகம் இன்னும் குறைந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த டெஸ்பாட்ச் கிளார்க் பிரேக்கை இறுக்கிப் பிடித்தார்.

சைக்கிள் மெதுவாகப் போவதற்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே போனால் சாய்ந்துவிடும். சாரின் சைக்கிளில் இருபத்தொரு கியர். நின்ற இடத்திலேயே நின்று மிதிக்கலாம். டெஸ்பாட்சின் ஐந்து கியர் பழைய வண்டிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அப்படியானால் முந்திப் போய்விட வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் ஆபீஸில் வேலை பார்த்தவர்களாக இருக்க முடியாது.

சாரைச் சைக்கிள் ஓட்டச் சொன்னது ஒரு டாக்டர். சார் ஓட்டினால் ஆபீஸே ஓட்ட வேண்டும். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை இருபத்திரண்டு வளைவு ஏறி மலைக் கணவாயைத் தாண்டும் பயணம். காலையில் கிளம்பும்போது சார், "இது போட்டி இல்ல. யாரு வேணா யாரையும் முந்தலாம்" என்று பேசினார். கேட்ட எல்லோரும் பிரேக்கைச் சரிபார்த்துக்கொண்டார்கள். நாலாவது வளைவுக்குள் ஒருவருக்கு முட்டி வலி, ஒருவருக்குத் தலைசுற்றல், அவர்களுக்குத் துணையாக இரண்டு பேர் என்று நாலு பேர் பின்னால் வந்த வேனில் ஏறிவிட்டார்கள். மிச்சம் சார், டெஸ்பாட்ச், எங்கேயோ கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்த காஷியரம்மா.

டெஸ்பாட்சுக்கு ஒரே ஒரு கையெழுத்து வேண்டும். அவர் மனைவி, ரயில் பாதை முடிகிற ஊரில் டீச்சர். பன்னிரண்டு மணி நேரப் பயணம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் போக முடிகிறது. போன முறை கதவைத் திறந்த நாலு வயது மகள், உள்ளே திரும்பி, "அம்மா, ஞாயித்துக்கிழமை அப்பா வந்திருக்காரு!" என்று கத்தினாள். அவர் சிரித்துக்கொண்டே குனிந்து, செருப்பைக் கழற்ற வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

அந்த ஊர்க் கிளையில் இரண்டே இடம். வெயிலும் புழுதியுமாக இருக்கும் அந்த ஊருக்கு யாரும் கேட்டுப் போவதில்லை. ஆனாலும் போன வருஷம் ஸ்டோர்கீப்பருக்கு மாறுதல் கிடைத்தது. "எப்படி சார் வாங்கினீங்க?" என்று டெஸ்பாட்ச் ஆசையாகக் கேட்டதற்கு அந்த மனிதர் முறைத்துவிட்டு அலமாரியைப் படாரென்று சாத்திவிட்டுப் போனார். இரண்டாவது இடம் இன்னும் காலி. டெஸ்பாட்சின் விண்ணப்பம் பதினோரு மாதமாகச் சார் மேஜைமேல், பேப்பர் வெயிட்டுக்கு அடியில் இருக்கிறது. கேட்டால், "பாக்கலாம்யா."

போன வருஷப் பயணத்தின்போது டெஸ்பாட்ச் மனைவியின் ஊரில் இருந்தார். இதுதான் முதல் வாய்ப்பு. காலையிலேயே மனைவி போனில் பாடம் நடத்தியிருந்தாள். "முந்திரிக்கொட்டை மாதிரி முன்னாடி போயிடாதீங்க. சார் பின்னாடியே போங்க. மேலே போனதும் நல்ல மூடுல இருப்பாரு, அப்பக் கேளுங்க."

பத்தாவது வளைவில் டெஸ்பாட்ச் சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கும், அங்கிருந்து இந்த ஓரத்துக்குமாக ஓட்டினார். தூரம் கூடினால் நேரம் கூடும் என்று கணக்கு.

சார் திரும்பிப் பார்த்தார். "என்னய்யா டெஸ்பாட்ச், ரோட்டை அளக்கறியா? அவ்வளவு தெம்பு இருக்கா உனக்கு?"

"ஐயோ, தெம்பெல்லாம் இல்ல சார்! செயின் ஏதோ இடிக்குது. நீங்க போங்க, நான் பாத்துட்டு வர்றேன்."

சொல்லியிருக்கக் கூடாது. சார் அப்போதே சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார். இறங்குவதற்கு ஒரு காரணம் கிடைக்காதா என்று ஏங்கியவரின் வேகம் அது. "நகரு. இதெல்லாம் எனக்கு அத்துப்படி" என்று உட்கார்ந்து, ஒழுங்காக இருந்த செயினைக் கழற்றி, கால் மணி நேரம் போராடி, திரும்ப மாட்டினார். இருவர் கையும் கறுப்பு. அதற்குப் பிறகு கியர் மாற மறுத்தது. இருப்பதிலேயே கனமான கியரில் போய் உட்கார்ந்துகொண்டது.

கனமான கியரில் ஏற்றத்தில் மெதுவாக மிதிக்கவே முடியாது. எழுந்து நின்று ஓங்கி மிதித்தால்தான் வண்டி நகரும். நகர்ந்தால் பாய்ந்து நகரும். ஒவ்வொரு மிதிக்கும் டெஸ்பாட்சின் முன்சக்கரம் சாரின் முழங்கால்வரை போய்விட்டு, பிரேக் போட்டதும் பின்வாங்கியது.

"என்னய்யா, மேலேயே ஏத்தறே?"

"மன்னிச்சுக்குங்க சார்!"

பதின்மூன்றாவது வளைவில், சார் தண்ணீர் குடிக்க நின்ற சமயம் பார்த்து, டெஸ்பாட்ச் பின்சக்கரத்துக் காற்றைத் திறந்துவிட்டார். காற்றில்லாத டயர் இழுக்கும், வேகம் குறையும். அவருக்குத் தன் மூளைமேல் பெருமையாகக்கூட இருந்தது.

புஸ்ஸென்ற சத்தம் கேட்டுச் சார் வந்துவிட்டார். "பஞ்சரா? பம்ப் இருக்கா?"

பம்ப் டெஸ்பாட்சின் கேரியர் பையிலேயே இருந்தது. கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் முகம் துடைப்பவர்போலத் துண்டை எடுத்து, துடைத்து, அதன்மேல் போட்டு மூடினார். "இல்லையே சார்."

அப்போது வேன் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டினார். "ஏத்திக்கவா சார்?"

"அதெல்லாம் வேணாம். கூட வந்தவனை நடுவழியில விடற ஆள் நான் இல்ல" என்றார் சார், வேனுக்குள் இருந்த நாலு பேருக்கும் கேட்கும்படி. வேன் போனதும், "நீ என் வண்டியில ஏறிப் போ. நான் உன்னுதைத் தள்ளிட்டு வர்றேன்" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

ஆக, இப்போது சார் நடக்கிறார். டெஸ்பாட்சிடம் இருப்பதோ இருபத்தொரு கியர் சைக்கிள். அதுவும் பூப்போலப் போகிறது. நடக்கிறவரைவிட மெதுவாக எப்படி ஓட்டுவது? அவர் இறங்கி, நல்ல சைக்கிளைத் தள்ள ஆரம்பித்தார்.

"நீ ஏன்யா தள்றே?"

"நடந்தா உடம்புக்கு நல்லது சார்."

இப்படியாக இரண்டு பேரும் இரண்டு சைக்கிளை எட்டு வளைவு தள்ளினார்கள். வழியில் காற்று வீசித் துண்டு நழுவியது. சார் பம்பைப் பார்த்தார். டெஸ்பாட்சைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துப் பம்பை நன்றாகப் போர்த்திவிட்டார்.

இருபத்தோராவது வளைவில் பின்னாலிருந்து மணிச்சத்தம். காஷியரம்மா, மூச்சுக்கூட வாங்காமல், "என்ன சார், நடந்தே வர்றீங்க? நான் மேலே போய் டீ சொல்றேன்!" என்று கையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

சாரின் முகம் சுண்டிப்போனது. 'இந்தம்மாவுக்கு விவரமே பத்தாது' என்று டெஸ்பாட்ச் நிஜமாகவே பரிதாபப்பட்டார்.

உச்சியில் உயரம் எழுதிய பலகைக்கு நாலடி முன்னாலேயே அவர் நின்றுகொண்டார். சார் போய்ப் பலகையைத் தொட்ட பிறகுதான் அந்த நாலடியை நடந்தார்.

சார் கறுப்புக் கையை அவர் தோளில் வைத்தார். "உன்னை மாதிரி ஒருத்தன் கிடைக்க மாட்டான்யா. உன் விண்ணப்பம் ஞாபகத்துல இருக்கு. திங்கக்கிழமையே ஒரு முடிவு எழுதிடறேன்."

டெஸ்பாட்சுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வேன் பக்கம் ஓடிப்போய் மனைவிக்குப் போன் போட்டார். "முடிஞ்சுடுச்சு! உன் அலமாரியில எனக்கு ஒரு தட்டு காலி பண்ணி வை!"

போன் மகள் கைக்கு மாறியது. "அப்பா, இனிமே செவ்வாக்கிழமையும் வருவீங்களா?"

"எல்லாக் கிழமையும் வருவேன்டா கண்ணு!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். வேன்மேல் சைக்கிள்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்த டிரைவர் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"பொழைக்கத் தெரிஞ்சவரு சார் நீங்க! இந்த மலையில தன்னை முந்தறவங்களை எல்லாம் சாரு மறுவாரமே அந்த ரயில் முடியற ஊருக்குத் தூக்கி அடிச்சிடுவாரு. போன வருஷம் ஸ்டோர்கீப்பரு, இந்த வருஷம் காஷியரம்மா. உங்களை மட்டும் ரிட்டயர் ஆகற வரைக்கும் பக்கத்தை விட்டு அனுப்பவே மாட்டாரு, பாருங்க!"