எருமை வழியாக ஒரு மோட்டார் சைக்கிள் ரிப்பேர்

தோஹாவிலிருக்கும் மதிப்பிற்குரிய சின்ன அண்ணாவுக்கு,

தங்கை பிந்தியா பாதம் தொட்டு எழுதுவது. போன் இருக்கும்போது கடிதம் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். நீங்கள் கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டு வீடே சுற்றி உட்கார்ந்துவிடுகிறது, பி.ஏ. முடித்தும் அத்தனை பேர் நடுவில் எனக்குப் பேச வாய் வருவதில்லை. அதனால் தோஹா வரும் ராம்சோகித் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஜானகி அன்னை அருளால் அனைவரும் நலம். பெரியண்ணாவின் மோட்டார் சைக்கிளும் இப்போது நலம்.

அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஜனக்பூர் பயிற்சி நிலையத்தில் சின்ன அண்ணி வண்டி ரிப்பேர் படிப்பது குடும்பத்துக்கு அழகில்லை என்று பெரியண்ணா சொன்னதும், புதன்கிழமைப் பரீட்சைக்குப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். அண்ணி ஸ்பானர்களைத் துடைத்துப் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பெரியண்ணா பட்டு குர்தாவோடு கல்யாண ஊர்வலத்துக்குக் கிளம்பினார், வண்டி கிளம்பல, உதைச்சு உதைச்சு செருப்பு அறுந்ததுதான் மிச்சம், சந்தை மெக்கானிக்கும் அதே ஊர்வலத்துக்குப் போயாச்சு, வீட்டில் இருந்தது அண்ணிதான். நம் வழக்கப்படி கணவரின் அண்ணனிடம் அண்ணி எப்படிப் பேசுவார்? தொடுவது அதைவிடப் பாவம். ஆகவே இருவரும் வாசலில் கட்டியிருந்த எருமையிடம் பேசினார்கள்.

"டாங்கு நிறைய பெட்ரோல் இருக்குன்னு சொல்லு" என்றார் பெரியண்ணா, எருமையிடம்.

"பெட்ரோல் மட்டும் இருந்தா போதுமா? பிளக்கைக் கடைசியா எப்பத் துடைச்சாங்கன்னு கேளு" என்றார் அண்ணி, முக்காட்டுக்குள்ளிருந்து, அதே எருமையிடம்.

எருமை இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தது. ஸ்டாண்டு உடைந்திருந்ததால் பெரியண்ணா ஹேண்டில்பாரைப் பிடித்தால்தான் அண்ணி பிளக்கைக் கழற்ற முடியும். ஒரே இரும்பை இரண்டு பேரும் தொடலாமா? எல்லாரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"கைப்பிடி ரப்பரு. கரண்டே போகாது, பாவமா போகப்போகுது?"

கரி பிடித்த பிளக்கைத் துடைத்து மாட்டியதும் முதல் உதையிலேயே வண்டி கிளம்பியது. பெரியண்ணா போகிறபோக்கில், "பரீட்சை காலையிலயா மத்தியானமான்னு கேட்டு வை" என்றார். அவருக்கு இனி ஆட்சேபம் இல்லை. ஆனாலும் உங்கள் சொல்லை மீறி அண்ணி வாசல் தாண்டமாட்டார். உங்கள் வார்த்தைக்காகக் காத்திருக்கிறோம்.

வெயிலில் தலையை மூடிக்கொள்ளுங்கள். அம்மா ஆசீர்வாதத்தோடு மக்கானாப் பொரி அனுப்பியிருக்கிறார். ராம்சோகித் வழியில் தின்றுவிட்டால் நான் பொறுப்பல்ல.

அன்புத் தங்கை,
பிந்தியா

பின்குறிப்பு: ராம்சோகித்தின் விமானம் தள்ளிப்போனதில் புதன்கிழமை வந்து போய்விட்டது. பெரியண்ணா முன்னால் வண்டியில் போக, அண்ணியும் நானும் பின்னால் ஆட்டோவில் பரீட்சைக்குப் போனோம். அண்ணி தேறிவிட்டார். வெள்ளிக்கிழமை நீங்கள் கூப்பிடும்போது, ஒன்றுமே நடக்காததுபோல் அனுமதி கேட்பார். அண்ணா, கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்துவிட்டு, தயவுசெய்து சரி என்று சொல்லிவிடுங்கள்.