பெல்லுக்காரரின் நாற்பது பேய்மிரட்டிகள்

காலை ஐந்து ஐம்பது. வீட்டுப் பின்கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது, ஒரு செடிக்குக் குடை பிடித்துக் குந்தியிருந்த மனிதரை. மழை இல்லை. மில்லில் தங்கம் பிரித்தபின் கொட்டிக் குவித்த சைனைடு மேட்டிலிருந்து காற்று மணலை வாரி வீசிக்கொண்டிருந்தது. அவர் முதுகு முழுக்க வெள்ளைத் தூசி. செடியின் மேல் ஒரு பொட்டு இல்லை. தங்கவயலின் கிறுக்கர்களுக்குப் பட்டியல் போட்டால் முதல் பத்து இடமும் அவருக்குத்தான். பதினொன்றாவது இடத்துக்கு மற்றவர்கள் அடித்துக்கொள்ளலாம்.

சுரங்கம் ஓடிய காலத்தில் ஷாஃப்ட் என்கிற சுரங்கக் கிணற்றின் வாயில் நின்று, ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜுக்கு மணியடித்தவர் அவர். ஸ்கெலட்டன் என்கிற எங்கள் தொழிலாளர் குடியிருப்பு முழுக்கப் பெல்லுக்காரர் என்றே பெயர். மூன்று மணி அடித்தால் கேஜில் ஆள் இருக்கிறான் என்று பொருள். சுரங்கம் மூடிய பிறகும் எந்தக் கதவையும் மூன்று முறைதான் தட்டுவார். நாலாவது முறை தட்ட வைக்க யாராலும் முடிந்ததில்லை.

அவர் வளர்த்தது பேய்மிரட்டி. ரோட்டோரம் தானாக முளைக்கிற செடி. கம்பளி போலத் தடித்த இலை, கசக்கினால் நெடி, உதடு பிளந்தாற்போல ஊதாப்பூ. மேட்டுக்கும் எங்கள் லைன் வீடுகளுக்கும் நடுவே நாற்பது புதர் நின்றால் தூசி வீட்டுக்குள் வராது என்று நம்பினார். "ஆடு வாய் வெக்காது. வேரு வருசக்கணக்கா நிக்கும். வேற இன்னா வேணும்?" என்பார். அவர் நுரையீரலில் ஏற்கெனவே சுரங்கத்தின் தூசி இருந்தது. லைனில் இருக்கும் குழந்தைகளுக்கு அது வேண்டாம் என்பதுதான் விஷயம்.

செடியைப் பற்றி அவர் கற்றதெல்லாம் விரலால் கற்றது. ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் புதினாக் கட்டை எடுத்து ஒவ்வொரு தண்டாக உருட்டிப் பார்ப்பார்.

"யோவ் பெரியவரே, வாங்கறியா, நாடி பாக்கறியா?" என்று கடைக்காரம்மா கத்துவார்.

"நாலு மூலை கீதும்மா. துளசிக்கும் நாலு, தும்பைக்கும் நாலு, எங்க பேய்மிரட்டிக்கும் நாலு. எல்லாம் ஒரே வீட்டுப் பங்காளிங்க."

"அப்ப பங்காளி வீட்டுக்கே போய் துவையல் அரைச்சுக்கோ!"

மில் மணலில் முதல் வருடம் விதை முளைக்கவே இல்லை. இரண்டாம் வருடம் முளைத்துக் கருகியது. மூன்றாம் வருடம் பூதிகோட்டை ஏரி வண்டலைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றினார்.

"இன்னா தாத்தா, மண்ணுக்கும் டிக்கெட் எடுக்கணும்" என்றார் கண்டக்டர்.

"இத்தினி வருசம் இந்த ஊரு மண்ணை மேல தூக்கினவன் நைனா நான். எங்கிட்ட எவன் டிக்கெட் கேட்டான்?"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் விட்டுவிட்டார்.

ஒருமுறை ஒரு பெண், நாத்தனாருக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சொல்லிப் புகை போட இலை கேட்டு வந்தாள். பெல்லுக்காரர் புத்தர் படத்துக்கு மட்டும் பூ வைக்கிறவர். "பேய்க்கெல்லாம் குடுக்கறதில்லம்மா. ஜுரம்னா சொல்லு, தரேன்" என்றார். அவள் யோசித்து, "லேசா ஜுரமும் கீது" என்றாள். மூன்று இலை கொடுத்தார்.

ஐந்தாம் வருடம் நாற்பதும் இடுப்பளவு நின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கம்பி, அதில் ஒரு பித்தளை டோக்கன். பழைய இரும்புக் கடையில் தேடிப் பொறுக்கியவை. சுரங்கத்தில் கீழே இறங்குகிறவன் தன் நம்பர் டோக்கனைப் பலகையில் மாட்டுவான். ஏறி வந்தபின் எடுத்துக்கொள்வான். டோக்கன் தொங்கினால் ஆள் கீழே இருக்கிறான். சுரங்கத் தொழிலாளியின் மகனான எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிப்ரவரியில் மூச்சுத்திணறல் அதிகமாகி, மகள் அவரைப் பெங்களூருக்கு அழைத்துப்போனாள். "பாத்துக்கோ தம்பி" என்று மட்டும் சொல்லிப் போனார்.

ஏப்ரலில் நாற்பதும் இலை கொட்டிச் சுள்ளியாக நின்றன. புத்த பூர்ணிமாவுக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. நோயாளி மனிதர், இதைப் பார்த்தால் தாங்குவாரா? இரண்டு ஆட்களைப் பிடித்தேன். எல்லாவற்றையும் பிடுங்கி எரித்தோம். அந்த இடத்தில் நர்சரியிலிருந்து குரோட்டன்ஸ் வாங்கி வரிசையாக நட்டேன். மஞ்சளும் சிவப்புமாகக் கல்யாண மண்டப வாசல் போல இருந்தது. எனக்கு ரொம்பப் பெருமை. டோக்கன்களைத் துடைத்து ஒரு பையில் போட்டு வைத்தேன்.

வந்தவர் குரோட்டன்ஸை வெகுநேரம் பார்த்தார். பையை நீட்டினேன்.

"வேரு எங்கப்பா?"

"எரிச்சிட்டேண்ணா. செத்துப் போச்சு."

"புடுங்கறப்ப சுலுவா வந்துச்சா?"

சுலபமாக வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் கடப்பாரை வேண்டியிருந்தது. பத்திரிகையில் இருபது வருடம், பார்த்ததை எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். அதைப் பார்த்தும் யோசிக்கவில்லை.

"வெயில்ல மேல காஞ்சிரும். அடியில உசுரு கீது. ஒரு மழை பேஞ்சா எழுந்துரும்" என்றார். பிறகு மெதுவாக, "ஆளு மேல வராம டோக்கனைக் கழட்டுவாங்களா தம்பி?"

 திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் டீக்கடையில் நாலு பேர் கேட்டார்கள்: "இன்னா பெல்லுக்காரரே, செடிங்க எங்க?"

நான் வாயைத் திறந்தேன். அவர் என் கையில் டீ கிளாஸைத் திணித்தார்.

"வெயில்பா. இந்த வருசம் வெயில் ஜாஸ்தி."

திரும்ப நட்டு வளர்க்க அவருக்கு மூச்சு இடம் கொடுக்கவில்லை. மறுபடி பெங்களூர் போனார். தீபாவளிக்கு முன் இறந்துவிட்டார்.

துக்க வீட்டில் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கடைசி வரைக்கும் அந்தச் செடிங்களையே சொல்லினு இருந்தாருண்ணா. எல்லாம் வெயில்ல போச்சுன்னு."

"ஆமாம்மா" என்றேன்.

நான் செடிகளைப் பிடுங்கிய அந்த வருடம், மே மாதக் கடைசியில் ஸ்கெலட்டனில் நான்கு நாள் நல்ல மழை.