பென்டியம் கேட்ட சாமி

கண்ணைக் கட்டினால் தெரியும், அவிழ்த்தால் மறையும். அது என்ன?

கனவு என்பீர்கள். இல்லை. என் மைத்துனன் சங்கிலி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி. ஹெல்மெட் மாதிரி தலையில் மாட்டிக்கொண்டு, வயரைக் கம்ப்யூட்டரில் செருக வேண்டும். அப்புறம் நம் வீடு இருக்காது. நாம் விமானத்தில் இருப்போம். வர்ச்சுவல் ரியாலிட்டி என்று பெயர்.

அந்த வருடத் தீபாவளி போனஸ் கவர் பிரிக்காமல் இருந்தது. என் மனைவி தங்கப்பொண்ணு ஃப்ரிட்ஜ் கேட்டாள். எனக்கு வேண்டியது புதுக் கம்ப்யூட்டர். ஆசை என்று சொன்னால் தோற்றுப்போவேன். பழைய கம்ப்யூட்டர் சோதனையில் தேறவில்லை என்று சொன்னால்? விஞ்ஞானத்தை யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

"ஏங்க, இருக்குற கம்ப்யூட்டர் பெட்டியிலதான தெனமும் கார் கேம் ஓட்டுறீக?"

"கார் வேற, இது வேற. தலையத் திருப்புன ஒடனே படமும் திரும்பணும். படம் பின்தங்குச்சுன்னா தலை சுத்தும். சுத்துச்சுன்னா பெட்டி ஃபெயிலு."

"அம்புட்டுத்தான?"

"அம்புட்டுத்தான்."

"மாட்டுங்க, பாப்போம்." முறத்தில் அரிசியோடு எதிரே உட்கார்ந்தாள். பரீட்சை ஹாலில் சூப்பர்வைசர் உட்காருவாரே, அப்படி.

மாட்டினேன். நான் இன்று திரும்பினால் படம் நாளை திரும்பியது. கொஞ்சம் நிஜமாகவே தலை சுற்றியது. மிச்சத்தை நானே சுற்றினேன். கைகளை வீசினேன். உறுமினேன். விமானம் மலையில் மோதியது. நான் பீரோவில் மோதினேன்.

கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு முனியாயியின் அலறல் காதில் விழுந்தது.

"ஆத்தாடி! ஏ தங்கம், தம்பிக்குச் சாமி வந்துருச்சுடி!"

"இவருக்கா? கோயில் பக்கமே வர மாட்டாரேக்கா."

"வராதவகளத் தேடித்தான்டி சாமி வீட்டுக்கு வரும். என்ன கொறைன்னு வாயத் தொறந்து சொல்லு, சாமி!"

விஞ்ஞானத்துக்கு மசியாதவள் சாமிக்கு மசிவாள். இன்னும் இரண்டு ஆட்டம் சேர்த்து ஆடினேன்.

"பழைய பெட்டி ஆகாதுடா! பென்டியம் ஃபோர் வாங்கி வையிடா!"

"கெடா கேக்கும், சேவல் கேக்கும். இது என்னடி புதுப் படையலா இருக்கு?"

"அறுபத்திநாலு எம்.பி. கிராபிக்ஸ் கார்டும் வேணும்டா!"

தங்கப்பொண்ணின் குரல் பவ்யமாக வந்தது. "அக்கா, எங்க கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வந்தது சாமிதானான்னு பாக்க, எரியிற சூடத்த நாக்குல வைப்போம். சாமின்னா சுடாது."

தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. சாமி அந்த நிமிடமே மலையேறிவிட்டது. கண்ணாடியைக் கழற்றினேன்.

"போயிருச்சு தங்கம். ஆனா தலை சுத்துச்சு. பெட்டி ஃபெயிலு."

"தலை சுத்துனவரு எம்.பி. கணக்கெல்லாம் எப்பிடி அம்புட்டுத் தெளிவாச் சொன்னீக?"

"அது... சாமி சொன்னது."

"அப்ப நாக்க நீட்டுங்க."

"சாமி இல்ல, சாமி இல்ல!"

"அப்ப படத்துல மெய்மறந்துதான் இந்த ஆட்டம் ஆடியிருக்கீக. பெட்டி பாஸு." சூடத்தை ஊதி அணைத்தாள்.

"எம் மகன் வேலையப் பத்திக் கேக்குறதுக்குள்ள எறக்கிவிட்டியேடி!" என்று முனியாயி கறிவேப்பிலையை மறந்து கோபித்துக்கொண்டு போனாள்.

எனக்கு மிஞ்சியது ஒரே ஓட்டு: மகள் முத்துமீனா. ஒன்பது வயது. கம்ப்யூட்டரை விட்டு எழுப்ப வேண்டுமென்றால் கரண்ட் போக வேண்டும், அப்படிப்பட்ட பிள்ளை.

"புதுக் கம்ப்யூட்டரா, ஃப்ரிட்ஜா? நீ சொல்றதுதான்டா கண்ணு முடிவு."

"அவ சொல்றதே முடிவு" என்றாள் தங்கப்பொண்ணு. முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முத்துமீனா கண்ணாடியை மாட்டி, இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். கழற்றினாள். "கழட்டுனா எல்லாம் மறைஞ்சிருதுப்பா. ஃப்ரிட்ஜ்" என்றாள்.