தண்டவாளம் இல்லாத தண்ணீர்

"ஏங்க, கரை நம்மள நோக்கி வருதே!"

"கரை எங்கயாவது வருமா? நாமதான் போறோம்," என்றார் ஓய்வுபெற்ற இரயில் ஓட்டுநர், சுக்கானின் பிடியை இடப்புறமாக முழு பலத்துடன் தள்ளியவாறே. வாடகை விசைப்படகு வலப்புறம் திரும்பி, நாணற்புதருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

காலையில் படகுக்காரர் சொல்லித்தர வந்தபோது, "நான் எஞ்சின் டிரைவர்" என்று கையமர்த்தியவர் அவர். கிளம்பிய பின்னரே ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. இரயிலைக் கிளப்பலாம், நிறுத்தலாம், ஊதலாம். திருப்ப இயலாது. அப்பணியைத் தண்டவாளம் பார்த்துக்கொள்ளும். மிதிவண்டிகூடப் பழகாத அவர், தம் வாழ்நாளில் எதையுமே திருப்பியதில்லை.

இதை மனைவியிடம் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "தனியா இனிமே சமாளிக்க முடியாதுப்பா. வீட்டக் காலி பண்ணிட்டு எங்களோட வந்துடுங்க" என்று மகன் நச்சரித்துக்கொண்டிருந்தான். "ஒரு நாள் முழுக்கப் படகு ஓட்டிக் காட்டறேன். அப்புறம் பேசுடா" என்று இவர் வீறாப்பாகச் சொல்லிவிட்டார். மாலையில் அவன் படகுத்துறைக்கு வருவான். வேறொரு படகு இவர்களை இழுத்துவந்து சேர்க்குமாயின், வீட்டைக் காலி செய்யவேண்டியதுதான்.

"பின்னாடி ஒரு கொக்கு நிக்குது. அப்படியே பின்பக்கமாப் போய்ப் பார்க்கலாமா?" என்றாள் மனைவி.

"கொக்கு பார்க்கிற நேரமா இது?"

அவர் நீண்ட கழியைச் சேற்றில் ஊன்றித் தள்ளினார். படகு நகர்ந்தது. கழி நகரவில்லை. இரண்டுக்கும் நடுவே பாலம்போல் நீண்டு கிடந்தவரை, மனைவி பெல்ட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள்.

"கழி போனாப் போகுது. சிக்னல் கம்பம் மாதிரி என்ன கம்பீரமா நிக்குது பாருங்க!"

"கிண்டலா?"

"சேச்சே."

அடுத்து வந்தது ஒரு வளைவு. பழக்கதோஷத்தால் அவர் படகின் ஊதுகுழலை நீளமாக ஊதினார். எதிரே வலை வீசிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்குய்யா ஊதற? மீனெல்லாம் எழுந்து நின்னு வழி விடணுமா?"

அவமானத்தில் முகம் சிவந்தவர், உணவு உண்ணும் சாக்கில் ஒரு கம்பத்தருகே படகை ஒதுக்கினார். பெட்டியோடு பெட்டியை இணைப்பதுபோல், கயிற்றை இம்மியும் இடைவெளியின்றி இறுக்கிக் கட்டினார்.

"கயிறு கொஞ்சம் தொளதொளன்னு இருந்தா, தொட்டில் மாதிரி ஆடுமே," என்றாள் மனைவி.

"தொட்டில்ல ஆடற வயசா நமக்கு?"

உண்டுகொண்டிருக்கையில் ஓதம் இறங்கி, நீர் கடலை நோக்கி வடியலாயிற்று. படகின் மூக்கு கம்பத்தில் தொங்க, பின்புறம் தாழ்ந்தது. சாப்பாட்டுப் பாத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சறுக்கித் தண்ணீரில் இறங்கின. முடிச்சோ இரும்பாக இறுகிவிட்டது. பழம் நறுக்கும் கத்தியால் கயிற்றை அறுத்தார். படகு தொப்பென்று விழுந்து இருவரையும் நனைத்தது.

அறுந்த கயிற்றின் நுனியை அவர் கையில் எடுத்துப் பார்த்தார்.

"கழி போச்சு, கயிறு போச்சு, சாப்பாடும் போச்சு. அவன் சொன்னதுதான் சரியோ என்னவோ."

மனைவி புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே அவரைப் பார்த்தாள். முதல் முறை இரயிலை ஓட்டிவிட்டு வீடு திரும்பிய நாளில், உறங்காமல் பேசிக்கொண்டே இருந்த மனிதர் அவர். இப்போது சுக்கானிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சும்மா இருங்க. அந்த ரெண்டு சிவப்பு மிதவை இருக்கே, அதுக்கு நடுவுல போய்ப் பார்க்கணும்னு ஆசையா இருக்கு."

பாவம், இவளுக்குப் படகைப்பற்றி என்ன தெரியும், ஆசையையாவது நிறைவேற்றுவோம் என்று அவர் அவ்வாறே செலுத்தினார். வியக்கத்தக்க வகையில், அங்கே படகு எங்கும் தட்டவில்லை.

"அந்த மஞ்ச வீடு என்ன அழகு! கிட்டப் போங்களேன்."

போனார்.

"போதும் போதும். இப்ப எதிர்க்கரை மரத்தப் பார்க்கணும்."

"என்ன உனக்குக் குழந்தை மாதிரி இத்தனை ஆசை?" என்று கேட்டவரின் குரலில் பழைய மிடுக்கு திரும்பியிருந்தது.

படகுத்துறை தெரிந்தது. மகன் கைகட்டி நின்றான்.

"ஏங்க, ஒரேயடியாப் புழுக்கமா இருக்கு. எதிர்க்காத்து மூஞ்சில படற மாதிரி, மெதுவாப் போங்களேன்."

எதிர்க்காற்று வேகத்தைக் குறைக்க, படகு துறையைப் பூப்போலத் தொட்டு நின்றது. மகன் கட்டிய கைகளைப் பிரித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"அப்பா! நீங்களா ஓட்டினீங்க?"

"பின்னே? உங்கம்மா கேட்ட இடமெல்லாம் காட்டிட்டேன்."

"சரிப்பா. உங்க வீட்டுலயே இருங்க. நான் இனிமே வாயே திறக்கல."

மகனின் தோள்மேல் கைபோட்டபடி, கரையேறி நிமிர்ந்து நடந்தார் அவர். மனைவிக்குக் கைகொடுத்து இறக்கிவிட்ட படகுக்காரர் மெல்லிய குரலில் கேட்டார்:

"போன வாரம் முழுக்க இதே படகுல வந்து ஓட்டிப் பழகினீங்களேம்மா, ஒரு தடவையாவது சுக்கானை உங்க கையில குடுத்தாரா?"