சமாதான அக்காவின் மூன்று நாற்காலிகள்

ஒன்றாம் வகுப்புக் குழந்தையொன்று காலணியைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளி வாசலில் அழுதது. அதன் முன்னே மண்டியிட்டு, சரியாக மாட்டிவிட்டு, மூக்கையும் துடைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போனவள்தான் நம் சமாதான அக்கா. அந்தப் புண்ணியத்தைக் கடவுள் மறக்கமாட்டார். ஆனால் பிற்பாடு அவள் சட்டையில் ஒரு நீலப் பட்டையைக் குத்திவிட்டார்களே, அங்கேதான் வந்தது வினை.

சமரசப் பிரியர் என்றோர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். மாணவர் சண்டையை மாணவரே தீர்க்கட்டும் என்று பள்ளிக்கூடம் நல்லெண்ணத்தோடுதான் பத்தாம் வகுப்பிலிருந்து அவளைப் பொறுக்கி எடுத்தது. கொஞ்சம் பயிற்சி, ஒரு பட்டை, நூலகத்தை ஒட்டி ஓர் அறை, மூன்று நாற்காலி. போதாதா? அன்றுமுதல் அவள் சாப்பாட்டு இடைவேளையில் சாப்பிடாமல், எந்த மூலையில் குரல் உயர்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தாள். இரண்டு பேர் சிரித்துப் பேசினால் அவள் முகம் வாடிவிடும்.

சிக்கினார்கள் ஏழாம் வகுப்பு நெட்டையும் சுருட்டையும். சுருட்டை பள்ளிக்குப் புதிது. நெட்டையை விட்டால் அவனுக்குப் பேச நாதியில்லை. பந்தை ஏன் தன்னிடம் தள்ளவில்லை என்ற ஆத்திரத்தில், "போடா ஒட்டடைக் குச்சி!" என்று கத்திவிட்டான். அது அக்காவின் காதில் விழுந்துவிட்டது. அவள் அறை வாசலில் காத்திருந்தபோதே அவன் நெட்டை பக்கம் திரும்பினான்.

"சாரிடா."

"போடா லூசு," என்று நெட்டை தோளில் கை போட்டான். முடிந்தது விஷயம்.

முடிந்ததா? கதவு திறந்தது.

"அக்கா, நாங்க சேந்துட்டோம்."

"எப்படிச் சேருவீங்க? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே! உக்காருங்க."

ஒருவன் சொல்வதை மற்றவன் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முறை அது.

"என்னை ஒட்டடைக் குச்சின்னான்," என்றான் நெட்டை, கொட்டாவியோடு.

"நீ திருப்பிச் சொல்லு."

"ஒட்டடைக் குச்சி," என்று முனகினான் சுருட்டை.

"சத்தமா! நெட்டைத் தம்பி, மனசு வலிச்சுதில்ல? இதுக்கு முன்னாடி வேற என்னல்லாம் சொல்லியிருக்கான்? நல்லா யோசி."

யோசிக்கச் சொன்னால் யாருக்குத்தான் அகப்படாது? செத்துப்போன பட்டப்பெயர்களெல்லாம் எழுந்து வந்தன. வந்ததையெல்லாம் சுருட்டை ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னான். மணி அடித்தபோது நெட்டை நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்தான். "இனிமே எங்கூடப் பேசாத!"

அக்காவின் முகத்தில் அப்படியொரு ஒளி. "பயப்படாத. பெரிய பிரச்சினைதான். நாளைக்கும் வாங்க!"

சுருட்டை அன்று பேருந்தில் பக்கத்து இருக்கையில் பையை உட்கார வைத்துக்கொண்டு போனான். மறுநாளும் பைதான் துணை.

பிறகொரு நாள் கோலுக்குப் பக்கத்தில் நின்ற நெட்டை, தானே அடிக்காமல் பந்தைச் சுருட்டையிடம் தள்ளினான். சுருட்டை அதை வேலிக்கு வெளியே அடித்தான்.

"லூசு!"

"போடா ஒட்டடைக் குச்சி!"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அதன்பின் ஆண்டு முடியும்வரை அந்த அறையைக் கடக்கும்போது மட்டும் ஆளுக்கொரு பக்கமாக நடந்தார்கள். வேறு வழி?

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நேற்றுவரை முறைத்துக்கொண்டிருந்த மச்சானும் மாமனும் உங்களைக் கேட்காமலே ஒன்றாகக் காபி குடிப்பதைப் பார்த்து, உள்ளே லேசாகச் சுருக்கென்றதா? அப்படியானால் உங்கள் சட்டையையும் ஒருமுறை தடவிப் பாருங்கள், பட்டை குத்தியிருக்கும்.

பள்ளியை விட்டுப் போகும் நாளில் அக்கா வாசலில் திரும்பினாள். நெட்டையும் சுருட்டையும் தோளில் கை போட்டு வந்தார்கள். கையை எடுக்க நேரமில்லை. அவள் கண் கலங்கிவிட்டது.

"சேந்துட்டீங்களாடா?" என்றாள். "யாரு சேத்து வெச்சது?"